நன்றாகக் கவனித்த சாட்சியும் ஏன் தவறான ஆளைக் காட்டுகிறார்?

நேரில் பார்த்த ஒருவர் "இவர்தான், எனக்குச் சந்தேகமே இல்லை" என்று நீதிமன்றத்தில் சொன்னால் அதை எவ்வளவு நம்பலாம்? கவனிக்கும் திறனைப் பயிற்சியால் கூர்மையாக்கிக்கொண்டால் தவறாத சாட்சியாகிவிடலாமா? தடயவியல் படிக்கப் போகிற ஒருவரின் கேள்விகள் இவை. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். ஏனென்றால் இரண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: சாட்சி தவறினால், அவர் சரியாகக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதைவிடக் கவனமாக யாராலும் பார்த்திருக்க முடியாது என்று சொல்லத்தக்க ஒரு சாட்சி, குற்றமே செய்யாத ஒருவரைப் பத்தரை ஆண்டு சிறைக்கு அனுப்பியிருக்கிறார். அந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

1984 ஜூலை மாதம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊர். ஜெனிஃபர் தாம்ப்சன் என்ற 22 வயது கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் விடிவதற்கு முன் ஒருவன் புகுந்து, கத்தியைக் காட்டி அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தான். (பின்னாளில் இவரே தன் பெயரை வெளிப்படையாகச் சொல்லி, தவறான அடையாளங்களைப் பற்றி ஊர் ஊராகப் பேசியவர் என்பதால்தான் பெயரைக் குறிப்பிடுகிறேன்.) அந்த நிலையிலும் அவர் ஒரு முடிவு எடுத்தார். உயிரோடு தப்பினால் இவனைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதற்கு இந்த முகம் மறக்கக் கூடாது. தலைமுடி எப்படி இருக்கிறது, மூக்கு எப்படி, தழும்போ பச்சை குத்தியதோ ஏதாவது தெரிகிறதா, உயரம் எவ்வளவு இருக்கும் என்று வேண்டுமென்றே பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டார். குடிக்க ஏதாவது எடுத்து வருவதாகச் சாக்குச் சொல்லிச் சமையலறைப் பக்கம் போய், அங்கிருந்து தப்பி ஓடினார். அதே இரவில் அந்தப் பகுதியில் இன்னொரு பெண்ணும் தாக்கப்பட்டார்.

தாம்ப்சன் சொன்னதை வைத்துக் காவல்துறை முகப்படம் ஒன்றைத் தயாரித்தது. அதைப் போல இருக்கிறார் என்று கிடைத்த தகவலில் ரொனால்ட் காட்டன் என்ற இளைஞர் சந்தேக வளையத்துக்குள் வந்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆறு புகைப்படங்களைத் தாம்ப்சன் முன் வைத்தார்கள். அவர் சட்டென்று கையை வைக்கவில்லை. சில நிமிடங்கள் படங்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் காட்டனின் படத்தை எடுத்தார். சரியாகச் செய்தேனா என்று கேட்டார், நன்றாகச் செய்தீர்கள் என்றார்கள். சில நாள் கழித்து ஏழு பேரை நேரில் வரிசையாக நிறுத்தினார்கள். அங்கே நான்காவது ஆளா ஐந்தாவது ஆளா என்று தடுமாறி, ஐந்தாவது ஆளைக் காட்டினார். ஐந்தாவதாக நின்றவர் காட்டன். முடிந்ததும், நீங்கள் புகைப்படத்தில் காட்டியவரும் இவரேதான் என்று அவரிடம் சொன்னார்கள். புகைப்பட வரிசையிலும் நேர் வரிசையிலும் இருந்த ஒரே ஆள் காட்டன்தான் என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

1985 ஜனவரியில் காட்டன் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அவர் வீட்டில் கிடைத்த டார்ச் லைட்டும், அவருடைய ஷூவிலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லப்பட்ட ஒரு ரப்பர் நுரைத் துண்டும் பௌதிகத் தடயங்களாகக் காட்டப்பட்டன. இரண்டுமே பலவீனமானவை. வழக்கைத் தாங்கி நிறுத்தியது தாம்ப்சனின் சாட்சியம். இரண்டாவது பெண் நேர் வரிசையில் வேறொருவரைக் காட்டியிருந்தார், அந்தச் செய்தி ஜூரிகளின் காதுக்கே போகவில்லை. அந்தக் காரணத்தால் மேல்முறையீட்டில் தீர்ப்பு ரத்தாகி 1987-இல் மறுவிசாரணை வந்தது.

இதற்கிடையில் காட்டன் இருந்த அதே சிறைக்கு பாபி பூல் என்றொரு கைதி வந்து சேர்ந்தான். பார்க்க இருவரும் ஒரே ஜாடை. அந்தக் குற்றங்களைச் செய்தது நான்தான் என்று அவன் சக கைதிகளிடம் பேசியதாகத் தகவல் வந்தது. மறுவிசாரணையின்போது பூலை நீதிமன்றத்துக்கே கொண்டுவந்து இரண்டு பெண்களுக்கும் காட்டினார்கள். இருவரும் இவர் இல்லை என்றார்கள். இவரை என் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்றார் தாம்ப்சன். இந்தத் தடவை இரண்டாவது பெண்ணும் காட்டனையே காட்டினார். ஆயுள் தண்டனை, அதற்கு மேல் 54 ஆண்டுகள்.

1995-இல் பழைய மாதிரிகளை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினார்கள். காட்டனுடையது பொருந்தவில்லை. மாநிலத்தின் குற்றவாளிகள் தரவுத்தளத்தில் தேடியபோது பொருந்தியது பூலுடையது. அந்த ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி காட்டன் வெளியே வந்தார்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். தாம்ப்சன் எங்கே தவறினார்? முகத்துக்கு மிக அருகில் இருந்தார், நேரம் இருந்தது, நினைவில் வைத்தே ஆக வேண்டும் என்ற வைராக்கியம் இருந்தது. கவனிப்பைப் பொறுத்தவரை எந்தப் பயிற்சியும் இதற்கு மேல் எதையும் கற்றுக்கொடுத்துவிடாது. ஆனால் நீதிமன்றத்தில் உண்மைக் குற்றவாளியையே எதிரில் நிறுத்தியும் அடையாளம் தெரியவில்லை. காரணம், அதற்குள் அவர் மனதில் இருந்த முகம் பூலின் முகமாக இல்லை. புகைப்பட வரிசையில் குற்றவாளியின் படமே கிடையாது. இருக்கிற ஆறில் எது மிக நெருக்கமாக இருக்கிறதோ அதை அவர் எடுத்தார். சாட்சிகள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆறு படம் வைத்தால் அதில் ஒன்று இருந்தாக வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். நேர் வரிசைக்கு வந்தபோது காட்டனின் முகம் பழக்கமான முகமாகிவிட்டிருந்தது. அந்தப் பழக்கம் சம்பவ இரவிலிருந்து வந்ததா, சில நாள் முன்பு மேசையில் பார்த்த படத்திலிருந்து வந்ததா என்று மனதால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "நன்றாகச் செய்தீர்கள்" என்ற சொல் கொஞ்ச நஞ்சத் தயக்கத்தையும் துடைத்துவிட்டது. பூலை நேரில் கண்டபோது, காட்டனின் முகத்தோடு ஒப்பிட்டுத்தான் "இவர் இல்லை" என்றார். அந்த ஒப்பீட்டை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்!

இன்னொன்றும் உண்டு. தாம்ப்சன் வெள்ளையர், காட்டனும் பூலும் கறுப்பினத்தவர். வேற்று இனத்தவரின் முகங்களை நாம் நம் இனத்தவரின் முகங்களைவிட மோசமாகவே அடையாளம் காண்கிறோம் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கும் முடிவு. வெறுப்பு இருந்தால்தான் இது நடக்கும் என்றில்லை, எந்த மாதிரி முகங்களைப் பார்த்துப் பழகினோம் என்பதைப் பொறுத்தது.

இது ஏதோ அபூர்வமான ஒரு வழக்கு என்று ஒதுக்கவும் முடியாது. அமெரிக்காவில் 1989 முதல் 2020 வரை டிஎன்ஏ சோதனையால் நிரபராதி என்று நிரூபணமானவர்கள் 375 பேர். அதில் சுமார் 69 சதவீத வழக்குகளில் தவறான அடையாளம் ஒரு காரணமாக இருந்தது. இந்த எண்ணைக் காட்டி "சாட்சிகளில் 69 சதவீதம் பேர் தவறானவர்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள், அது தப்பு. இவை ஏற்கெனவே பிசகிப்போன வழக்குகள். பிசகியவற்றுக்குள் சாட்சியின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட் இப்படிப்பட்ட வழக்குகளின் விசாரணை ஆவணங்களைப் படித்துக் கண்டுபிடித்தது. தவறான அடையாளம் இருந்த 161 வழக்குகளின் ஆவணங்களைப் பார்த்தார். அவற்றில் 57 சதவீத வழக்குகளில், நீதிமன்றத்தில் உறுதியாகப் பேசிய சாட்சிகள், முதல்முறை அடையாளம் காட்டியபோது தயங்கியிருக்கிறார்கள், அல்லது வேறு ஆளைக் காட்டியிருக்கிறார்கள், அல்லது முகத்தைப் பார்க்கவில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். அதாவது எச்சரிக்கை மணி முதல் நாளே அடித்திருக்கிறது. தாம்ப்சனின் சில நிமிடத் தயக்கமும், நான்கா ஐந்தா என்ற தடுமாற்றமும் அதே மணிதான். நீதிமன்றம் வரும்போது அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது.

எப்படி அடங்குகிறது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். கேரி வெல்ஸ், எமி பிராட்ஃபீல்ட் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு ஒரு கண்காணிப்பு கேமராக் காட்சியைக் காட்டிவிட்டு, உண்மையான ஆள் இல்லாத புகைப்பட வரிசை ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லோரும் யாரோ ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள், எல்லோரும் தவறு. சிலரிடம் மட்டும், நல்லது, சந்தேக நபரைச் சரியாகக் காட்டிவிட்டீர்கள் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லப்பட்டது. அவர்களுடைய உறுதி கூடியது, அதை எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன், கவனமாகப் பார்த்தேன் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். எல்லோரும் பார்த்தது ஒரே காட்சி. பிறகு வந்த ஒரு பாராட்டு, முன்னால் எப்படிப் பார்த்தோம் என்ற நினைவையே திருத்தி எழுதிவிட்டது. இந்த ஆய்வைத் தெரிந்துகொண்ட பிறகு, "நான் நல்ல வெளிச்சத்தில், கிட்டத்திலிருந்து பார்த்தேன்" என்று ஒரு சாட்சி குறுக்கு விசாரணையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள என்னால் முடிவதில்லை.

எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-இல் செய்த கார் விபத்துச் சோதனை பாடப்புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே விபத்துக் காட்சிகளைக் காட்டி, கார்கள் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். "தொட்டபோது" என்று கேட்டால் 31.8. அடுத்த சோதனையில், ஒரு வாரம் கழித்து உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு "நொறுங்கிய" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் ஆமாம் என்றார்கள். காட்சியில் கண்ணாடியே உடையவில்லை. விசாரணை செய்பவர் வாயிலிருந்து வரும் வினைச்சொல்கூடச் சாட்சியின் நினைவுக்குள் நுழைந்துவிடும்.

சரி, பார்க்கும் நேரத்துக் கோளாறுகள் இல்லவே இல்லையா என்றால், இருக்கின்றன. பயம் நினைவைக் கல்வெட்டாக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் பிழைத்தல் பயிற்சிப் பள்ளியில், போர்க்கைதி போல நடத்தப்பட்டுக் கடுமையாக விசாரிக்கப்பட்ட வீரர்களை வைத்து சார்லஸ் மார்கன் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கைக்கு எதிராக நிற்கிறது. அரை மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் அமர்ந்து விசாரித்தவரை, மறுநாள் நேர் வரிசையில் சரியாகக் காட்டியவர்கள் சுமார் 30 சதவீதம். மிரட்டல் இல்லாத விசாரணையில் அதுவே 62 சதவீதம். இவர்கள் உடலும் மனமும் தேர்ந்த ராணுவத்தினர் என்பதை மறக்க வேண்டாம். கத்தியோ துப்பாக்கியோ எதிரில் இருந்தால் கண் அதன்மேலேயே நிற்கும், முகம் நழுவும் என்பதும் சோதனைகளில் தெரிந்ததே. பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னால், நடுவே கொரில்லா உடையில் ஒருவர் நடந்து போவதைப் பாதிப்பேர் பார்ப்பதில்லை. சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரின் 1999 ஆய்வு அது.

பயிற்சியால் இதை வெல்லலாமா? முகம் தொடர்பான இடத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 2014-இல் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் அதிகாரிகளைச் சோதித்தார்கள். நேரில் நிற்பவரும் புகைப்படத்தில் இருப்பவரும் ஒரே ஆளா என்று பார்ப்பதே இவர்களுடைய அன்றாட வேலை. வேறு ஆளின் படத்தை 14 சதவீத முறை ஒரே ஆள் என்று ஏற்றுக்கொண்டார்கள். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் புதிதாக வந்தவர்களும் இதில் பெரிதாக வேறுபடவில்லை. இதற்கு நேர்மாறாக, ஒருமுறை பார்த்த முகத்தைப் பல ஆண்டு கழித்தும் கண்டுகொள்ளும் சிலர் இருக்கிறார்கள். லண்டன் காவல்துறை அத்தகையவர்களைத் தேடிப் பிடித்து வேலைக்குப் பயன்படுத்தியது. அவர்களுக்கு அது பெரும்பாலும் பிறவியிலேயே வாய்த்த திறன், வகுப்பில் உட்கார்ந்து வந்ததல்ல.

ஆனால் தடயவியல் மாணவருக்குக் கவனிப்புப் பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. சம்பவ இடத்தில் கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்ததா, விளக்கு எரிந்ததா, ரத்தத்துளி எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று ஒழுங்குமுறையோடு பார்த்து அங்கேயே எழுதி, படம் எடுத்து, அளந்து வைக்கும் பழக்கம் கண்டிப்பாகப் பயிற்சியால் வரும். கவனியுங்கள், அதில் நினைவுக்கு வேலையே இல்லை. நல்ல தடயவியலாளர் தன் நினைவை நம்பாமல் இருக்கப் பழகியவர். அதே அவநம்பிக்கையைச் சாட்சியின் நினைவைக் கையாளும்போதும் காட்ட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ரத்தக்கறை மாதிரியைக் கையுறை இல்லாமல் தொட்டால், நாலு பேர் கைமாற்றினால், அதன் மதிப்பு போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். சாட்சியின் நினைவும் அப்படிப்பட்ட தடயம்தான். ஒருமுறை சோதித்தாலே மாறிவிடும், இரண்டாவது சோதனையில் கிடைப்பது முதல் சோதனையின் கலப்பு.

கலப்பு இல்லாமல் எடுத்தால் அது நல்ல தடயம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜான் விக்ஸ்டடும் கேரி வெல்ஸும் 2017-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார்கள். சரியான முறையில் நடத்தப்பட்ட முதல் அடையாளத்தின்போது, சாட்சி உடனடியாக, மிக உறுதியாகச் சொன்னால், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. சாட்சியே குப்பை என்று பேசுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது, அதற்கு ஆதாரம் இல்லை.

சரியான முறை என்றால் என்ன? வரிசையை நடத்துபவருக்குச் சந்தேக நபர் யார் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் முகக்குறியிலோ குரலிலோ அது கசிந்துவிடும். குற்றவாளி இந்த வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மற்றவர்கள் சாட்சி சொன்ன வர்ணனைக்குப் பொருந்துபவர்களாக இருக்க வேண்டும், சந்தேக நபர் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. காட்டியவுடனே, எவ்வளவு உறுதி என்பதை அவருடைய சொந்த வார்த்தையிலேயே பதிய வேண்டும். காட்டனைச் சிறைக்கு அனுப்பிய அதே வட கரோலினா 2007-இல் இதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. இங்கிலாந்தில் வரிசையில் சந்தேக நபரோடு குறைந்தது எட்டு பேராவது இருக்க வேண்டும் என்பது விதி, பெரும்பாலும் வீடியோவில்தான் நடத்துகிறார்கள்.

இந்தியாவில் சந்தேக நபரை மற்றவர்களோடு நிறுத்திச் சாட்சிக்குக் காட்டும் அடையாள அணிவகுப்பை நடுவர் (மாஜிஸ்திரேட்) ஒருவர் நடத்துகிறார், அடையாளம் காட்டும் நேரத்தில் காவல்துறையினர் பக்கத்தில் இருக்கக் கூடாது. இது நல்ல ஏற்பாடு. கைதானவரை முகத்தை மூடிக் கூட்டி வருவதும் இதற்காகத்தான். வெட்கத்தை மறைக்க என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சாட்சி அணிவகுப்புக்கு முன்பே அவரையோ அவர் படத்தையோ பார்த்துவிட்டால் அணிவகுப்புக்கு மதிப்பில்லை என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. என்ன பயன், கைதான அன்று மாலையே படம் டிவியிலும் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடுகிறது.

இதில் எனக்கு நெருடலான இடம் வேறு. நம் சட்டத்தில் அணிவகுப்பு துணைச் சான்று மட்டுமே. நீதிமன்றத்தில், கூண்டில் நிற்பவரைக் காட்டி "இவர்தான்" என்று சொல்வதே மூலச் சான்று. நினைவு அறிவியல் இதை நேர்மாறாகப் பார்க்கிறது: சம்பவத்துக்குப் பின் சீக்கிரம் நடக்கும் முதல் அடையாளத்துக்குத்தான் எடை, ஆண்டுகள் கழித்துக் கூண்டுக்குள் தனியாக நிற்பவரைக் காட்டுவது ஏறக்குறைய ஒன்றையும் நிரூபிப்பதில்லை. சாட்சிகளின் எண்ணிக்கை பற்றிய விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1957-இல் வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாட்சிகளை முழுவதும் நம்பத்தக்கவர், முழுவதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் என்று மூன்றாகப் பிரித்தது. முதல் வகையில் ஒருவர் போதும், மூன்றாவது வகைக்கு வேறு ஆதாரம் துணைக்கு வேண்டும் என்றது. இன்றும் கீழமை நீதிமன்றங்களில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. தாம்ப்சன் போன்ற ஒருவரை எந்த வகையில் வைப்பது என்பதுதான் சிக்கல். பொய் சொல்லவில்லை, நீதிமன்றத்தில் தடுமாறவில்லை, பகையில்லை. வழக்கமான அளவுகோல் எல்லாவற்றிலும் அவர் முதல் வகையில்தான் விழுவார்.

கடைசியாக, நீங்களே ஒருநாள் சாட்சியாக நிற்க நேர்ந்தால்: பக்கத்தில் இருந்தவரோடு "நீங்களும் பார்த்தீர்களா, சட்டை நீலம்தானே" என்று பேச ஆரம்பிக்கும் முன், தெரிந்ததை எழுதி வைத்துவிடுங்கள். செல்போனில் குரல் பதிவு செய்தாலும் போதும், நேரம் பதிவாகிவிடும். பார்த்தது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். வெளிச்சம், தூரம், எத்தனை நொடி என்பதையும் அப்போதே குறித்துவிடுங்கள். கைதானவரின் படம் குடும்பக் குழுவில் வந்தால் திறக்காதீர்கள், தெரியாமல் திறந்துவிட்டால் அதை நடுவரிடம் மறைக்காதீர்கள். அணிவகுப்பில் ஒருவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தால் சொல்லுங்கள். ஒவ்வொருவராக ஒப்பிட்டு, இருப்பதில் இவர் கொஞ்சம் அவர் ஜாடை என்று தோன்றினால், அதே வார்த்தைகளில் "ஜாடை மட்டும் இருக்கிறது, உறுதியில்லை" என்று சொல்லி அப்படியே பதியச் சொல்லுங்கள். யாரும் இல்லை என்று தோன்றினால், "இந்த வரிசையில் அவர் இல்லை" என்பதும் முழுமையான பதில்தான்.